அரை நாள் மறைத்த சேதி

அன்னபூரணி குளித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. ஆரோக்கியராஜின் போனில் பெயரில்லாத ஓர் இந்திய எண். அவர்கள் பாரிஸுக்கு வந்து மூன்றாவது நாள் காலை. அன்றுதான் இருபத்தைந்தாவது கல்யாண நாள். யாரோ வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத்தான் எடுத்தார்.

"ஆரோக்கியராஜ்ங்களா? நான் நடேஷ் பேசறேன். சிதம்பரத்துலேர்ந்து."

எந்த நடேஷ் என்று அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மனைவியின் தம்பி. கல்யாணம் ஆனதிலிருந்து இவரோடு ஒரு வார்த்தை பேசாதவன்.

"அப்பாவுக்கு ரொம்ப முடியல. பாத்ரூம்ல விழுந்துட்டாரு. தலைக்குள்ள ரத்தம் கட்டியிருக்குன்றாங்க. ஐசியூல வச்சிருக்கோம். அக்கா நம்பர் என்கிட்ட இல்ல. உங்க ஒர்க் ஷாப்புக்கு ஆள் அனுப்பி இந்த நம்பர வாங்கினேன்."

"டாக்டர் என்னா சொல்றாரு?"

"எதுவும் சொல்றதுக்கில்லன்றாரு. அக்காகிட்ட சொல்லிடுங்க." நடேஷ் கொஞ்சம் தயங்கினான். "அப்பா கேட்டு நான் சொல்லல. நானாத்தான் சொல்றேன்."

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. "சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஆரோக்கியராஜ் போனை வைத்தார். ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு அன்னபூரணி வெளியே வந்தாள்.

"காலங்காத்தால யாருங்க?"

"ஒர்க் ஷாப்லேர்ந்து," என்றார்.

அந்தப் பதில் வாயில் எப்படி வந்து உட்கார்ந்தது என்று அவருக்கே தெரியவில்லை. சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுக்கவும் தோன்றவில்லை.

ஆரோக்கியராஜ் கடலூர் முதுநகரில், துறைமுகத்தை ஒட்டிய தெருவில் பிறந்தவர். ஐடிஐ முடித்துவிட்டு, சிதம்பரத்தில் பல்கலைக்கழகப் பணிமனையில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒரு மத்தியான நேரத்தில், வரலாறு படிக்கிற பெண் ஒருத்தி பணிமனை வாசலில் நின்றுகொண்டு லேத் மெஷினைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தவர், "இந்தச் சக்கரத்துக்குப் பல்லு ஜாஸ்தி போட்டுட்டீங்க," என்றார். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு ரப்பரால் அழித்தாள். அதுதான் தொடக்கம்.

அவள் நடராஜர் கோவில் வடக்குச் சன்னதித் தெருவில் குடியிருந்தவள். அப்பா ஹேமசபேசன், கோவில் வாசலில் விபூதியும் கற்பூரமும் விற்கிற பூஜைச் சாமான் கடைக்காரர். கடலூர்த் துறைமுகத்து வேதக்காரப் பையனை, ஒரு கிறிஸ்தவனை, மகள் கட்டிக்கொள்வேன் என்றபோது அவர் கத்தவில்லை, அடிக்கவும் இல்லை. இருவரும் பதிவாளர் அலுவலகத்தில் மாலை மாற்றிய அன்று, மகள் செத்துவிட்டாள் என்று தலைமுழுகிவிட்டுக் கடையைத் திறந்தார். அதையும் ஆரோக்கியராஜ் ஏற்றுக்கொண்டார். ஒரு அப்பனுக்கு அவ்வளவு கோபம் வரக்கூடியதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். முதுநகரில் படகு இஞ்சின் பழுது பார்க்கிற ஒர்க் ஷாப் வைத்தார். அன்னபூரணி ஓவிய ஆசிரியர் பரீட்சை எழுதி, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். சுவேதா பிறந்தாள். வாழ்க்கை ஓடியது.

அவர் ஏற்றுக்கொள்ளாதது வேறு ஒன்று. அன்னபூரணியின் அம்மா லலிதாம்பிகை இறந்த செய்தி, பழைய சிநேகிதி ஒருத்தி மூலமாகத் தெரிந்து இருவரும் பஸ் பிடித்துப் போனார்கள். ஹேமசபேசன் வாசலுக்கு வந்தார். மகளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனி மாத வெயிலில், செருப்பைக் கழற்றிவிட்ட காலோடு, அன்னபூரணி தெருவில் நின்றாள். பாடையை வெளியே எடுத்து வந்தபோது அம்மாவின் காலைத் தொடப் போனாள். மங்கலம் அத்தை, அப்பாவின் தங்கை, அவள் கையைப் பிடித்து விலக்கிவிட்டாள். எதிர்ச்சாரியில் நின்று ஆரோக்கியராஜ் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அழவில்லை. அதற்குப் பிறகு அப்பா என்கிற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை.

அந்த அப்பாதான் இப்போது ஐசியூவில் கிடக்கிறார்.

இந்தப் பயணம் சுவேதா கொடுத்தது. பெங்களூரில் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் டிக்கெட் போட்டிருந்தாள். தங்க இடம், ஆரோக்கியராஜின் பெரியப்பா மகன் தேவசகாயம் வீடு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பாண்டிச்சேரிக் குடும்பத்தில் பெண்ணெடுத்துப் பாரிஸிலேயே நிலைத்துவிட்டவர். ஏன் பாரிஸ் என்றால், அன்னபூரணிக்கு அங்கே ஒரு குன்று பார்க்க வேண்டும். மோன்மார்த்ர். படிக்கிற காலத்தில் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பெரிய படப் புத்தகம் பார்த்திருந்தாள். கையில் காசில்லாத ஓவியர்கள் ஒரு காலத்தில் கூட்டமாக வாழ்ந்த குன்று. அதன் படிக்கட்டுகளை, ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து நிற்கிற வீடுகளை, விளக்குக் கம்பங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தாள். வகுப்பில் பிள்ளைகளுக்கும் அதைத்தான் வரைந்து காட்டுவாள்.

தேவசகாயம் வேலைக்குப் போய்விட்டார். இருவரும் மெட்ரோ பிடித்துக் கிளம்பினார்கள். அன்னபூரணி மாம்பழ மஞ்சளில் பட்டுப்புடவை கட்டி, அதன்மேல் ஸ்வெட்டர் போட்டு, காலில் ஷூ மாட்டியிருந்தாள். தன் போனைச் சார்ஜில் போட்டு வீட்டிலேயே விட்டுவிட்டாள். "இன்னிக்கி ஒரு நாள் யாரும் என்னெத் தேட வேணாம்," என்றாள். கைப்பை கனக்கிறது என்று அதையும் ஆரோக்கியராஜின் தோளில் மாட்டிவிட்டாள்.

ரயிலில் அவர் தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டே வந்தார். ஊருக்குத் திரும்ப இன்னும் சில நாள்தான் இருக்கிறது. இப்போதே சொன்னாலும் இங்கிருந்து அவளால் என்ன செய்ய முடியும்? ஐசியூவில் யாரை உள்ளே விடுவார்கள்? அப்படியே போய் நின்றாலும், அந்தத் தெருவில் இன்னொரு தடவை கதவைச் சாத்தினால்? அவள் இந்தக் குன்றுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தவள். இன்றைக்கு ஒரு நாள் பார்க்கட்டும். சாயங்காலம் சொல்லலாம். எல்லாம் சரியாகத்தான் தோன்றியது. ஆனால் சட்டைப் பையில் போன் அதிர்ந்தபோது, அதை எடுக்காமல் கையால் பொத்திக்கொண்டார்.

அன்னபூரணியோ சின்னப் பெண்ணைப் போல ஆகிவிட்டிருந்தாள். கல் பாவிய சந்துகளில் முன்னால் முன்னால் போனாள். ஒரு வீட்டுச் சுவரில் கொடி சிவந்து கிடந்ததைப் பார்த்து நின்றாள். குன்றின் பின்பக்கம் ஒரு சின்னத் திராட்சைத் தோட்டம் இருந்தது. "பாத்தீங்களா, நான் இத புடலம் பந்தல்னு நெனச்சி வரைஞ்சிருந்தேன்," என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். தன் சிரிப்பு சரியாக இருக்கிறதா என்று உடனே கவலைப்பட்டார்.

உச்சியில் வெள்ளைக் கல்லில் கட்டிய பெரிய தேவாலயம். திரு இருதய ஆண்டவர் பெயரில் கட்டியது. "பாண்டிச்சேரி ஸ்டேஷன் பக்கத்துல இருக்குதே, அதே சாமிதானே," என்றாள் அன்னபூரணி. "உள்ள போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. நான் வெளிய நின்னு ஊரப் பாக்கறேன்."

உள்ளே இருட்டும் மெழுகுவர்த்தி வாசனையுமாக இருந்தது. மண்டியிட்டார். ஜெபம் வரவில்லை. போனை எடுத்துப் பார்த்தார். நடேஷிடமிருந்து இரண்டு செய்திகள். அக்காவிடம் சொல்லியாயிற்றா என்று ஒன்று. மூச்சு குறைகிறது என்று இன்னொன்று. ஆரோக்கியராஜ் பதில் எழுத ஆரம்பித்தார், அழித்தார். பக்கத்தில் மண்டியிட்டிருந்த பெண்மணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பெருமூச்சு சத்தமாக வந்துவிட்டது போலும்.

வெளியே வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தார். அன்னபூரணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, காற்றில் தலைப்பு பறக்க, கீழே விரிந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி, "வாங்க, படம் வரையறவங்க உக்காந்திருக்கிற எடத்துக்குப் போவலாம்," என்றாள். அவர் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.

அந்தச் சதுக்கத்தில் ஓவியர்கள் குடைகளுக்கடியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு முகத்தை வரைந்து தருகிறவர்கள். அன்னபூரணி ஒவ்வொருவரின் பின்னாலும் போய் நின்று, கை எப்படி ஓடுகிறது என்று பார்த்தாள். கடைசியில் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மாளிடம் நின்றுவிட்டாள். "இவுங்க கோடு நல்லாருக்கு. நம்ம ரெண்டு பேரையும் சேத்து வரையச் சொல்லுவோம்."

இருவரும் பக்கத்துப் பக்கத்தில் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் கரிக்குச்சியை எடுத்தாள். ஆரோக்கியராஜின் பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. "ரிலாக்ஸ், மெஸ்யோ, ரிலாக்ஸ்," என்றாள் அந்த அம்மாள், தன் தாடையைத் தட்டிக் காட்டி. அவர் தோளைத் தளர்த்தினார். போன் மூன்றாவது முறையும் அதிர்ந்தது.

"எடுத்துத்தான் பேசுங்களேன்," என்றாள் அன்னபூரணி, முகத்தை அசைக்காமல்.

"அப்பறம் பேசிக்கலாம்."

படம் முடிந்தது. காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள் அந்த அம்மாள். அன்னபூரணி அதைக் கையில் வாங்கி, தன் பாதியை அவசரமாகப் பார்த்துவிட்டு, அவருடைய பாதியில் நின்றாள். தாடை இறுகி, கண் எங்கோ ஓரத்தில் ஒதுங்கி, பக்கத்தில் இருப்பவளைப் பார்க்கப் பயந்த மாதிரி ஒரு ஆள் அதில் இருந்தான். அவள் படத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"போன்ல யாரு?"

"பூரணி..."

"காலையில பேசினது யாரு?"

"நடேஷ்." பிறகு ஒரே மூச்சில் சொன்னார். விழுந்தது, ரத்தம் கட்டியது, ஐசியூ, மூச்சு குறைவது, எல்லாம். "சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன். இன்னிக்கி ஒரு நாளாவது நீ..."

அவள் படத்தை நாற்காலியில் வைத்தாள். எழுந்து நடந்தாள். ஓவியருக்குப் பணம் கொடுத்து, சுருட்டிக் கொடுத்த படத்தை வாங்கிக்கொண்டு அவர் திரும்பியபோது, கூட்டத்தில் மஞ்சள் புடவை இல்லை.

அவளிடம் போன் இல்லை. கைப்பை அவர் தோளில். பாஸ்போர்ட்டும் அதற்குள். பிரெஞ்சு ஒரு சொல் தெரியாது. ஆரோக்கியராஜ் முதலில் வந்த சந்துக்குள் ஓடினார். பிறகு தேவாலயத்துக்கு. பிறகு மறுபடி சதுக்கத்துக்கு. எல்லாச் சந்தும் ஒரே மாதிரி வளைந்து, எங்கே போனாலும் படிக்கட்டில் கொண்டுபோய் விட்டது. ஒரு கடைக்காரனிடம் புடவைத் தலைப்பைக் கையால் போட்டுக் காட்டிக் கேட்டார். அவன் தோளைக் குலுக்கினான். கீழே தெருவில் ஒரு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனபோது, அது போன பக்கமாகவே கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் திரும்பினார். புயல் சமயத்தில் கட்டு அறுந்த படகைப் பிடிக்கத் தண்ணீரில் குதித்த ஆள்தான் அவர். அன்றைக்குக்கூட இப்படிப் பயப்படவில்லை.

நாய்க்குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு வயசான அம்மாள் அவர் கேட்பதற்கு முன்பே கையை நீட்டிக் காட்டினாள். நீண்ட படிக்கட்டு. நடுவில், இரும்புக் கைப்பிடியை ஒட்டி, அன்னபூரணி உட்கார்ந்திருந்தாள்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு ரெண்டு படி மேலேயே நின்றார்.

"உயிரோட இருக்காரா?" திரும்பாமல் கேட்டாள்.

"இருக்காரு," என்றார், போனில் நடேஷின் கடைசிச் செய்தியைப் பார்த்துவிட்டு.

"போன் வந்து எத்தினி நேரம் ஆச்சி?"

"நீ குளிச்சிக்கிட்டு இருந்தப்ப."

"நாம ரயில்ல வந்தது, திராட்சத் தோட்டம் பாத்தது, எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிதான்." அவள் குரல் உயரவில்லை. "நான் சிரிச்சிக்கிட்டு இருந்தேன். நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"உனக்காவத்தான் பூரணி."

"அவரும் அப்படித்தான் நெனச்சிருப்பாரு, குடும்பத்துக்காவன்னு. அவர் என்னெத் தெருவுல நிக்க வச்சாரு. நீங்க என்னெ நாக்காலியில உக்கார வச்சீங்க. ரெண்டு பேருமே என்கிட்ட கேக்கல."

ஆரோக்கியராஜ் ஒரு படி கீழே இறங்கினார். கையில் சுருட்டிப் பிடித்திருந்த படம் வியர்வையில் ஒட்டியது.

"போனக் குடுங்க."

கொடுத்தார். அவள் அந்த எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் குரல் கேட்டதும், "நடேஷு, நான்தான்டா," என்றாள். அதற்குமேல் என்ன பேசினாள் என்று கேட்காமல் இருக்க, அவர் இன்னும் நாலு படி மேலேறிப் போய் நின்றுகொண்டார்.

தேவசகாயம் அன்றைக்கே அலைந்து டிக்கெட்டை மாற்றிக் கொடுத்தார். மறுநாள் விமானம். சென்னையில் இறங்கி வாடகைக் கார் பிடித்தபோது அவள் முன்சீட்டில், டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பாண்டிச்சேரி தாண்டி, கடலூருக்குள் நுழைந்ததும், "வீட்ல நிறுத்தணுமா சார்?" என்று டிரைவர் கேட்டார். ஆரோக்கியராஜ் வாயைத் திறந்தவர், நிறுத்திக்கொண்டு, "மேடத்தக் கேளுங்க," என்றார். "நேரா போங்க," என்றாள் அவள். பரங்கிப்பேட்டைப் பக்கம் போகும்போது நடேஷ் கூப்பிட்டான். ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம்.

வீடு என்றால் அந்தத் தெரு. அந்தக் கதவு.

வடக்குச் சன்னதியில் கார் நின்றபோது வெயில் சாய்ந்திருந்தது. பூக்கடைகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் மங்கலம் அத்தை நின்றிருந்தாள். நன்றாக ஒடுங்கிப் போயிருந்தாள், ஆனால் கதவு நிலையைப் பிடித்திருந்த கை உறுதியாக இருந்தது. அவளுக்குப் பின்னால் நடேஷ்.

"நீ உள்ள வா," என்றாள் அத்தை, அன்னபூரணியிடம். "அவர் அங்க எங்கயாவது இருக்கட்டும்."

நீ போ, நான் காரில் இருக்கிறேன் என்று சொல்லத்தான் ஆரோக்கியராஜின் நாக்கு எழுந்தது. அதை அடக்கிக்கொண்டார். "பூரணி, நான் என்னா செய்யட்டும்?" என்றார்.

படிக்கட்டில் பேசியதற்குப் பிறகு அவள் அவரை நேராகப் பார்த்தது அப்போதுதான். கொஞ்ச நேரம் பார்த்தாள். "வாங்க," என்றாள்.

அத்தையின் கை நிலையை விட்டு நகரவில்லை. நடேஷ்தான் அந்தக் கையை மெதுவாக எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். "விடு அத்தை. உள்ள வாங்க மாமா," என்றான்.

கூடத்தில் கட்டில். ஆக்சிஜன் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. ஹேமசபேசன் படுக்கையில் ஒரு பிடி ஆளாகக் கிடந்தார். நெற்றியில் காய்ந்த விபூதி. நடேஷ் குனிந்து, "அப்பா, அக்கா வந்திருக்கா," என்றான். கண் திறந்தது. பார்வை மகள் முகத்தின் மேல் வந்து, தங்காமல், வாசல் பக்கம் போனது.

"வெளியில நிக்கறாளா?" என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"உள்ளதான்பா இருக்கேன்."

"வெயிலு." அவர் மூச்சை இழுத்தார். "கால் சுடும். கதவத் தொற."

"தொறந்துதான்பா இருக்கு."

"தொற," என்றார் மறுபடியும், நடேஷைப் பார்த்து, கோபத்தோடு. நடேஷ் என்ன செய்வதென்று தெரியாமல் போய், திறந்திருந்த கதவை இன்னும் கொஞ்சம் தள்ளினான். மங்கலம் அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அன்னபூரணி கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எதிரில் இருப்பவள்தான் மகள் என்று அவருக்குக் கடைசிவரை தெரிந்ததா என்று சொல்ல முடியாது. அவர் தேடியது தெருவில் நின்ற அந்தப் பெண்ணைத்தான். சுவரோரம் நின்ற ஆரோக்கியராஜ், இத்தனை வருஷமாக இந்த மனிதர்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹேமசபேசன் அந்த வாரத்திலேயே போய்ச் சேர்ந்தார். காரியங்கள் முடிந்து அவர்கள் முதுநகருக்குத் திரும்பினார்கள். அன்னபூரணி சமைத்தாள், பள்ளிக்கூடம் போனாள், வேண்டிய அளவுக்குப் பேசினாள். அந்த வேண்டிய அளவு ஆரோக்கியராஜை வாட்டியது. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஒர்க் ஷாப்பில் போல்ட்டை முறுக்கி முறுக்கி மரை கழன்று போகும்வரை யோசித்துக்கொண்டு நிற்பார். சுவேதா போனில், "அம்மா சரியாய்டுவாங்கப்பா," என்பாள். பொங்கல் போயிற்று. மாசி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளே, "பீச்சுக்குப் போவலாமா," என்றாள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூட்டம் அதிகம். கொஞ்சம் தள்ளிப் போய் மணலில் உட்கார்ந்தார்கள். அலையைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அன்னிக்கி நீங்க சொல்லாததுக்கு, நான் சந்தோஷமா இருக்கணும்ங்கறதுதான் காரணமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதில் பாதி உண்மைதான். ஆரோக்கியராஜ் மணலைக் கையில் அள்ளி விட்டார்.

"அது மட்டும் இல்ல," என்றார். "அந்த ஆளுக்கு முடியலன்னதும் நாம ஓடணுமான்னு இருந்திச்சி. கேக்க ஆளில்லாம கெடக்கட்டும், அவருக்கும் தெரியட்டும்னு இருந்திச்சி. அதான் மொதல்ல. நீங்கறது அப்பறம்தான்."

ஒரு குடும்பம் அவர்களைத் தாண்டி இரைச்சலாகப் போனது.

"இது எனக்கு அங்க, அந்தப் படியிலயே தெரியும்," என்றாள். "நீங்க சொல்வீங்களான்னுதான் இத்தினி நாளா பாத்தேன்."

பிறகு, சனிக்கிழமை நடேஷ் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். மங்கலம் அத்தைக்குக் கண் ஆபரேஷனாம். கூட இருக்க ஆள் வேண்டுமாம்.

"நீங்க வரீங்களா?"

"நீ வரச் சொன்னா வரேன்."

"நான் என்னா சொல்றேன்னு கேக்கல. உங்களுக்கு என்னா தோணுதோ அதச் சொல்லுங்க."

ஆரோக்கியராஜ் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"வரல பூரணி. அத்தையப் பாத்தா எனக்கு இன்னும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. கொஞ்ச நாள் போவட்டும்."

"சரி," என்றாள் அன்னபூரணி. எழுந்திருக்க முட்டி வலித்ததால் அவர் தோளில் கை ஊன்றிக்கொண்டாள். எழுந்த பிறகும் கையை எடுக்கவில்லை.